ஆயிரத்து நூற்று இருபத்தேழாம் எண் சதுப்பெலி

பெட்டிக்காரர். பிறப்பு: 1949 ஆகஸ்ட் 3. இறப்பு: 2021 ஜனவரி 19. உயிரியல் அருங்காட்சியகத்தின் பாலூட்டிப் பிரிவில் 1972 முதல் 2007 வரை களப்பணியாளராக இருந்தார்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. மடக்கினால் புத்தகம்போல் தட்டையாகிவிடும் அலுமினியப் பெட்டிகளை இரு தோளிலும் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நடந்தால், நடைக்கு ஏற்றபடி ஓசை எழும்பும். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டிக்காரர் வருகிறார் என்று தெரிந்துவிடும். எலிப்பொறி என்று யாராவது சொன்னால் அவருக்குச் சுருக்கென்று வரும்.

"பொறி வேற, பெட்டி வேற. பொறி கழுத்தை நெரிக்கும். பெட்டி கதவைச் சாத்திக்கிட்டு நம்மளுக்காகக் காத்திருக்கும்" என்பார்.

அவர் பிடித்தவை பெரும்பாலும் சதுப்பெலிகள். சதுப்பெலி என்பது தனியொரு விலங்கின் பெயரன்று. ஒரு பேரினத்தின் பெயர். ஈரநிலத்து நாணலிலும் உயர்ந்த மேட்டுப் புல்வெளிகளிலும் வாழும் பல இனங்கள் அதற்குள் அடக்கம். வீட்டெலிக்கும் அதற்கும் முகஜாடையே கிடையாது. மழுங்கிய மூக்கு, வட்டக் காது, கலைந்த முடி, குட்டை வால். பகல் தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பப்பட்ட ஒரு பெரியவரின் முகம் அதற்கு. வளை தோண்டாது. புல்லுக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பாதை போட்டு, அந்தப் பாதையிலேயே போகும், அதிலேயே வரும். தின்ற இடத்தில் புல் தண்டுகளை ஒரே நீளத்துக்கு நறுக்கிக் குவித்துவைக்கும். இரை வைத்து அதை ஏமாற்ற முடியாது. சுற்றிலும் தீனி இருக்கும்போது உங்கள் ரொட்டித் துண்டு யாருக்கு வேண்டும்? நறுக்கிய தண்டு இன்னும் பச்சையாக இருக்கும் பாதையைக் கண்டுபிடித்து, பெட்டியின் வாய் பாதையோடு நேராக இருக்கும்படி வைக்க வேண்டும். அது தன் வழியில் போய்க்கொண்டே உள்ளே போய்விடும். இதில் பெட்டிக்காரரை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பகுதியில் இரண்டு இனங்கள் இருந்தன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. மேல்தாடையின் கடைசிப் பல்லில் ஒன்றுக்கு ஆறு வரி, மற்றொன்றுக்கு ஏழு. ஆறு வரி எலி பள்ளத்திலும் உண்டு, மேட்டிலும் உண்டு, சாதாரணம். ஏழு வரி எலி இரண்டு நாள் பயணத் தொலைவிலுள்ள மேட்டுப் புல்வெளியில் மட்டுமே கிடைத்தது, அதுவும் அரிதாக. உயிரோடிருக்கும் எலியின் வாயைப் பிளந்து கடைசிப் பல்லின் வரியை எண்ண இயலாது. கொன்று, மண்டையோட்டைச் சுத்தம் செய்து, உருப்பெருக்கியின் கீழே வைத்தால்தான் அது எந்த எலி என்று தெரியும்.

சுத்தம் செய்யும் வேலையும் பெட்டிக்காரருடையதே. அதற்கென்று கட்டடத்தின் பின்புறம் ஓர் அறை இருந்தது. வண்டறை என்பார்கள். தோல் உரித்துக் காயவைத்த தலைகளை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்தால், அங்கே வளர்க்கப்படும் சிறு வண்டுகளும் அவற்றின் புழுக்களும் சதையை மட்டும் தின்று எலும்பைப் பளிங்குபோல் விட்டுவிடும். ஒவ்வொரு தலையும் துளையிட்ட ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கும். உள்ளே, நூலில் கோத்த, எண் எழுதிய அட்டைச் சீட்டு. ஒரு தலை, ஒரு டப்பா, ஒரு சீட்டு. சீட்டு இல்லாத மண்டையோடு வெறும் எலும்பு. எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது என்று தெரியாவிட்டால் அதற்கு அருங்காட்சியகத்தில் இடமில்லை, குப்பைத்தொட்டிதான். புழுக்கள் அட்டையையும் அரித்துவிடுமாதலால், சதை தீர்ந்த தலையை உடனே எடுத்துவிட வேண்டும் என்பதும் விதி. வண்டுகள் வெளியே போய்விடாமலும் நாற்றம் வராமலும் இருக்க அவ்வறைக்கு இரட்டைக் கதவு. சாத்திவிட்டால் உள்ளே இடி இடித்தாலும் கேட்காது.

1988 நவம்பர் 14, திங்கட்கிழமை. பெட்டிக்காரரின் மனைவி சிறுநீரகக் கோளாறால் நான்கு நாளாக மருத்துவமனையில் இருந்தார். பதின்மூன்று வயது மகள் பள்ளிக்குப் போகாமல் தாயின் பக்கத்தில் இருந்தாள். காலையில் காய்ச்சல் தணிந்திருந்ததால், மதியம்வரை வேலை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் வந்திருந்தார். வண்டறையில் இரண்டு டப்பாக்களை ஒரே நேரத்தில் திறந்து தொட்டியின் பஞ்சின்மேல் வைத்திருந்தார். ஒன்றில் 1127: ஊருக்குத் தெற்கே பம்புவீட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலத்தில் அவரே பிடித்தது. மற்றொன்றில் 1131: மேட்டுப் புல்வெளியிலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் இன்னும் பாதிதான் ஆகியிருந்தன.

அப்போது எழுத்தர் கதவை உடைக்காத குறையாக இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். உடனே போங்க."

பெட்டிக்காரர் கையுறையைக் கழற்றவில்லை. மூடியைப் போடவில்லை. ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்கு ஒரு கால்மணி நேரம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

தொலைபேசி வந்தது எழுத்தர் வண்டறைக்கு வருவதற்கு முப்பத்தைந்து நிமிடம் முன்பு. எழுத்தர் அவரைத் தேடி மாடிக்குப் போய், தோட்டத்துக்குப் போய், கடைசியாகத்தான் வண்டறைக்கு வந்திருக்கிறார். இது பெட்டிக்காரருக்குப் பிறகு தெரிந்தது. மகளுக்கு அவர் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து, 23ஆம் தேதி வேலைக்குத் திரும்பினார். தொட்டியைத் திறந்தார். இரண்டு மண்டையோடுகளும் டப்பாவை விட்டு வெளியே உருண்டு, பஞ்சின்மேல் அருகருகே கிடந்தன. இவ்வளவு சுத்தமாக வேறெதையும் வண்டுகள் தின்றதில்லை. சீட்டுகள் இருந்த இடத்தில் இரண்டு நூல் துண்டுகள் மட்டும் இருந்தன.

ஒன்று சற்றுப் பெரியது. பள்ளத்து எலி நன்றாகத் தின்று கொழுக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பெரியதன்மேல் 1127 என்று எழுதினார். சிறியதன்மேல் 1131. பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் "ஐயத்துக்குரியது" என்று ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் காப்பாளர் கூப்பிடுவார். எப்படி நேர்ந்தது என்று கேட்பார். அன்றைய தினத்தைப் பற்றி நின்று விளக்கம் சொல்ல அவருக்கு அப்போது திராணியில்லை. கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு, மையொற்றுத் தாளால் ஒற்றி, பதிவேட்டை மூடினார்.

ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள் அந்த மண்டையோடு இழுப்பறையில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

1996இல் பல்லம்மா வந்தார். பல்லை மட்டுமே பார்த்து எலியின் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிடக்கூடிய ஆராய்ச்சியாளர் அவர். அருங்காட்சியகத்தில் எல்லாரும் வைத்த பெயர் அது, அவருக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார். சதுப்பெலிகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூன்று மாதம் வரி எண்ணினார். ஒருநாள் பெட்டிக்காரரின் மேசைக்கு ஏறக்குறைய ஓடிவந்தார்.

"பெட்டிக்காரரே! உங்க பம்புவீட்டு எலிக்கு ஏழு வரி!"

"எதும்மா?"

"ஆயிரத்து நூத்தி இருபத்தேழு. ஏழு வரி. நாலு தடவை எண்ணிட்டேன். பள்ளத்துல ஏழு வரி எலி! இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுதா?"

பெட்டிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். பம்புவீட்டுச் சதுப்பில் அவர் அதுவரை இருநூறுக்கு மேல் பிடித்திருந்தார், எல்லாம் ஆறு. மேட்டில் இரண்டும் உண்டு; 1131க்கு ஆறு என்று பல்லம்மா ஏற்கெனவே எண்ணியிருந்தார். ஆகவே சீட்டு மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம், அரிய ஒன்று எங்கிருந்தோ வந்து அவர் பெட்டிக்குள் விழுந்திருக்கவும் கூடும். அவருக்கே தெரியாத ஒன்றை அவர் எப்படிச் சொல்வது?

"அப்படியாம்மா" என்றார்.

"அப்படியாம்மாவா? மனுஷன் பூரிச்சுப்போக வேணாமா!" என்று பல்லம்மா அவர் தோளைத் தட்டினார். அடக்கம் என்று எண்ணிக்கொண்டார்.

இரண்டாண்டில் கட்டுரை வெளிவந்தது. பிடித்தவர் என்ற இடத்தில் பெட்டிக்காரர். சதுப்பு நிலத்தின் வேலியில் ஒரு பலகை வைத்தார்கள். அதில் சதுப்பெலியின் படம். படத்தில் வால் சற்று நீளம். போகும்போதும் வரும்போதும் பெட்டிக்காரர் அந்தப் பலகையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து மதிலைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

பணி ஓய்வு பெற்றார். மகளோடு இரண்டாம் மாடியில் குடியிருந்தார். மகளுக்குத் தபால் நிலையத்தில் வேலை. அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் குறைவைத்ததில்லை. ஆனால் பேச்சில் ஓர் அளவு உண்டு. யாராவது உறவினர் வந்து, உங்கள் தந்தை வேலையில் எவ்வளவு கெட்டிக்காரர் என்று புகழ்ந்தால், மகள் சிரித்தபடியே சொல்வாள்: "ஆமா, எங்கப்பா எடுத்த வேலையைப் பாதியில விட்டுட்டு வரவே மாட்டார். என்ன ஆனாலும் சரி." சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அந்தச் சொல்லின் முள் எங்கே குத்துகிறது என்பது பெட்டிக்காரருக்குத் தெரியும்.

2014இன் இறுதியில், பம்புவீட்டுச் சதுப்பை மண்போட்டு மேடாக்கி லாரிகள் நிறுத்தும் முற்றம் அமைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பல்லம்மா மறுப்பு மனு கொடுத்தார். மனுவில் பக்கம் பக்கமாக இருந்தாலும் சாரம் ஒன்றே: பள்ளத்தில் ஏழு வரி சதுப்பெலி வாழும் ஒரே இடம் இது, சான்று, 1127ஆம் எண் மண்டையோடு. விசாரணை 2015 ஏப்ரல் 22 என்று குறித்தார்கள். பிப்ரவரியில் பல்லம்மா மாடி ஏறி வந்தார். முழங்கால் வலியோடு நாற்பத்திரண்டு படி.

"நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'இது நான் அங்க புடிச்சது.' அவ்வளவுதான். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பெட்டிக்காரர் தேநீர்க் கோப்பையைத் தட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு எலியை வச்சிப் பேசினா நிக்காதும்மா. இன்னொண்ணு வேணும். நான் போய்ப் புடிச்சுட்டு வர்றேன்."

"இந்த வயசுலயா?"

"எலிக்கு என் வயசு தெரியாதே."

பல்லம்மா சிரித்துவிட்டார். பத்து எலி எடுக்க அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். இன்னொன்று கிடைத்துவிட்டால் பழைய மண்டையோட்டைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. உண்மையும் தப்பும், சதுப்பும் தப்பும். பெட்டிக்காரரின் கணக்கு அது.

மார்ச் 2 முதல் நாள்தோறும் விடியற்காலையில் போனார். பம்பு இயக்குபவர் அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம். கால்சட்டையை முழங்காலுக்கு மடித்து, பம்புவீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டே வரவேற்பார்.

"என்னண்ணே, ரிட்டையர் ஆனவங்க பேரனைத்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க எலியைத் தேடிக்கிட்டு வர்றீங்க."

"பேரன் இல்லைப்பா. எலிதான் இருக்கு."

"சரி சரி, பாத்துக் காலை வைங்க. போன வாரம் நானே இடுப்பளவு உள்ள போயிட்டேன். என் செருப்பு இன்னும் அங்கதான் குடித்தனம் பண்ணுது."

பாதைகள் மாறியிருந்தன. அவருக்கும் குனிந்து பார்க்கும் கண் மங்கியிருந்தது. புல்லை விலக்கி விரலால் தடவித்தான் பாதையைக் கண்டார். முதல் எட்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று. மயக்க மருந்து ஜாடியில் போட்டுக் கொன்று, வீட்டுக்குக் கொண்டுவந்து, அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, மண்டையோடு சுத்தமாகி வந்ததும் பல்லம்மாவின் மேசையில் இருவரும் குனிந்து எண்ணினார்கள். ஆறு. இரண்டாவது: ஆறு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் ஜாடியில் போட்டவர் அவர். இப்போது ஒவ்வொரு முறையும் ஜாடியின் மூடியைத் திருகிவிட்டு, வேறு பக்கம் திரும்பி நின்று பம்பின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது ஆயிற்று. ஒன்பதும் ஆறு.

ஏப்ரல் 11, சனிக்கிழமை. நாற்பத்தொன்றாம் நாள். நாணலின் ஓரத்தில் ஒரு பெட்டி மூடியிருந்தது. தூக்கினால் கனம் அதிகம். கதவை ஒரு விரற்கிடை திறந்து பார்த்தார். தாயெலி. அதன் அடிவயிற்றில் இரண்டு குஞ்சுகள், மடிக்காம்பைப் பல்லால் கவ்வித் தொங்கிக்கொண்டிருந்தன. சதுப்பெலிக் குஞ்சுகள் அப்படித்தான். ஆபத்து வந்தால் தாய் ஓடும், குஞ்சுகள் பிடியை விடாமல் தரையில் இழுபட்டுக்கொண்டே போகும். பெட்டியின் மூலையில் தாய் ஒடுங்க, இரண்டும் அதனோடு இழுபட்டு ஒடுங்கின.

பம்புக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கிடைச்சிருச்சே! இதுதாண்ணே பத்தாவது. ஜாடி எங்க, எடுத்துத் தரட்டுமா?"

பெட்டிக்காரர் கதவை விரலால் மறுபடி சாத்தினார்.

"இதுவாவது ஏழா இருக்கும்ணே. எனக்கு மனசு சொல்லுது."

"இருக்கலாம்."

"அப்புறம் என்ன? ஒன்பதை ஜாடில போட்டப்ப வராத பாவம் இப்ப மட்டும் எங்கேருந்து வருது?"

"அதான்பா தெரியல" என்றார் பெட்டிக்காரர். குனிந்து, பெட்டியின் வாயை வந்த பாதையின் பக்கமே வைத்து, கதவைத் திறந்தபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார். தாயெலி சற்று நேரம் அசையவில்லை. பிறகு சடாரென்று வெளியே வந்து, இரண்டையும் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போயிற்று. புல் சிறிது தூரம் அசைந்தது.

பம்புக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு. லாரிதான் வரப்போகுது."

ஏப்ரல் 20, திங்கட்கிழமை, பெட்டிக்காரர் பல்லம்மாவின் அறைக்குப் போனார். பல்லம்மா உட்காரச் சொன்னார்; அவர் உட்காரவில்லை. நின்றபடியே தொட்டி, இரண்டு டப்பா, சீட்டு, ஒன்பது நாள், பெரியது, சிறியது என்று வரிசையாகச் சொன்னார். தம் மனைவியைப் பற்றி, "அன்னைக்கு வீட்டுல ஒரு அவசரம்" என்று மட்டும் சொன்னார்.

பல்லம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பத்தொன்பது வருஷம். நான் உங்க மேசைக்கு ஓடிவந்தேனே, அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்கம்மா."

"அது ஒரு பதிலா?"

"இல்லம்மா."

பல்லம்மா எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சீட்டு சரியாவே இருக்கலாம். இல்லையா?"

"இருக்கலாம். பாதிக்குப் பாதி."

"அப்ப அந்தப் பாதியைச் சொல்லுங்க! பொய் சொல்லச் சொல்லல. பதிவேட்டுல இருக்கறதை அப்படியே படிங்க. அந்தச் சதுப்புல எத்தனை தவளை, எத்தனை கொக்கு, எத்தனை எலி இருக்கு. அவங்களுக்கு அதெல்லாம் வேணாமாம். அபூர்வமான உயிர் ஏதாவது இருந்தாத்தான் காது குடுத்துக் கேப்பாங்களாம். நம்ம கையில இருக்கறது அந்த ஒரு எலும்புதான்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

பெட்டிக்காரர் தொப்பியைக் கையில் மடித்தார், விரித்தார். "கேட்டா என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியல. உங்ககிட்ட சொல்லாம அங்க வந்து நிக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார்.

விசாரணை நகரமன்றக் கட்டடத்தின் முதல் மாடியில் நடந்தது. மின்விசிறிகள் மூன்றில் ஒன்றுதான் சுற்றியது. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்திருந்தாள். தந்தைக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்பதற்காக. கடைசி வரிசையில் தண்ணீர்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லம்மா அரைமணி நேரம் பேசினார். முற்றம் கட்டுவோரின் வழக்கறிஞர், எலிக்கே இவ்வளவு பெரிய வீடு கிடைக்குமென்றால் எங்களுக்கும் ஒரு மனுப் படிவம் கொடுங்கள் என்று சொல்லிச் சிரிப்பு வாங்கினார். பிறகு விசாரணை அதிகாரி பெட்டிக்காரரை அழைத்தார்.

"இந்த மண்டையோடு பம்புவீட்டுச் சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது. பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. சரிதானே?"

"கையெழுத்து என்னோடதுதான் ஐயா."

"எடுக்கப்பட்ட இடம்?"

பெட்டிக்காரர் பல்லம்மா பக்கம் பார்க்கவில்லை. ஒற்றை மின்விசிறியைப் பார்த்தார். அப்போது அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பிற்பாடு மகளிடம் சொன்னார். ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாராம். திறந்ததும், இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் மற்ற மூவாயிரத்துச் சொச்சம் சீட்டுகளில் தாம் எழுதிய எண்களை இனி யார் எதற்காக நம்ப வேண்டும் என்று தோன்றியதாம்.

"எனக்குத் தெரியாது ஐயா" என்றார். "ரெண்டு டப்பா திறந்திருந்தது. ரெண்டு சீட்டையும் புழு தின்னுடுச்சு. நான் குத்துமதிப்பா எழுதினேன். அங்கேருந்து வந்ததா இருக்கலாம், மேட்டுலேருந்து வந்ததாவும் இருக்கலாம்."

வழக்கறிஞர் எழுந்தார். "முப்பத்தைந்து வருட அனுபவம் என்றார்கள். டப்பாவை மூடி வைக்கக்கூடத் தெரியாதா?"

"தெரியுங்க. மூடாம ஓடிட்டேன்."

"ஏன் ஓடினீர்கள்?"

"என் மனைவிக்கு முடியலன்னு ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் வந்தது. எழுத்தர் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க அரைமணிக்கு மேல ஆயிடுச்சு. கேட்டதும் ஓடிட்டேன். கையுறையைக்கூடக் கழட்டல."

வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் தண்ணீர்ப் புட்டி கீழே விழுந்து, நாற்காலிகளுக்கடியில் நெடுந்தூரம் உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் மகள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு நிறுத்தம் கடந்த பிறகு, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க மூடாமத்தான் வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. அப்பா வந்தாச்சா, அப்பா வந்தாச்சான்னு. நான் வாசலுக்கும் கட்டிலுக்குமா ஓடிக்கிட்டிருந்தேன். நீங்க வேலையை முடிச்சுட்டுத்தான் வருவீங்கன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நெனச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்பா சொல்லல?"

"எப்படியும் நேரத்துக்கு வரலையேம்மா."

இறங்கும்போது மகள், பல ஆண்டுகளாக இல்லாத வழக்கமாக, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வீட்டில் அந்தப் பழைய வாக்கியம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு பேச்சு எதுவும் பெருகிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

ஜூன் மாதம் மனு தள்ளுபடியாயிற்று. பல்லம்மா தம் பழைய கட்டுரைக்கு அரைப்பக்கத் திருத்தம் வெளியிட்டார். அதன் படியைப் பெட்டிக்காரருக்கு அஞ்சலில் அனுப்பினார். உடன் கடிதம் இல்லை. உறையின்மேல் முகவரி மட்டும் அவர் கையெழுத்தில் இருந்தது. அவர்கள் பிறகு சந்திக்கவில்லை.

செப்டம்பர் 7ஆம் தேதி தெற்கு மூலையிலிருந்து மண் கொட்டத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் பம்புக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணே, பட்டப்பகல்ல ரோட்டுக்கு வருதுங்க. குஞ்சைத் தொங்கவிட்டுக்கிட்டே வருது. லாரிக்காரன் பாக்கவா போறான்? காலையிலேருந்து நான் செத்ததை மம்முட்டியால அள்ளிக்கிட்டிருக்கேன். என்னால முடியலண்ணே."

பெட்டிக்காரர் பரணிலிருந்து தம் சொந்தப் பெட்டிகளை இறக்கினார். பதினெட்டு இருந்தன. செப்டம்பர் 14 முதல் நாள்தோறும், மண் இன்னும் எட்டாத வடக்கு ஓரத்துப் பாதைகளில் அவற்றை வைத்தார். விழுந்தவற்றை, பம்புக்காரரின் மூன்றுசக்கர வண்டியில், ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள வாய்க்கால் கரைப் புல்லில் கொண்டுபோய் விட்டார். மகள் தபால் நிலையத்துக்குப் போகுமுன் பெட்டிகளைக் கழுவித் துடைத்து வைத்தாள்.

ஒருநாள் கழுவிக்கொண்டே கேட்டாள். "புது இடத்துல பொழைச்சுக்குமாப்பா?"

"பொழைக்காது. எழுபத்தொன்பதுல நாப்பது எலிக்குக் காதுல குறி போட்டு இடம் மாத்திப் பாத்தோம். மறுமாசம் மூணுதான் கிடைச்சது. பாதை இல்லாத இடத்துல அதுக்கு ஒண்ணும் புரியாது. கழுகு தூக்கிடும்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"நாப்பதுல மூணு இருந்துச்சே" என்றார். சற்றுப் பொறுத்து, "ரோட்டுல கெடக்கறதைப் பாத்தியா நீ?" என்றார்.

மகள் அடுத்த பெட்டியை எடுத்துக் கழுவினாள்.

இருபத்தாறு நாளில் அறுபத்து மூன்று சதுப்பெலிகளை அவர் அப்படிக் கொண்டுபோய் விட்டார். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், ஆணா பெண்ணா, குஞ்சு உண்டா என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். இனம் என்ற கட்டத்தில் அறுபத்து மூன்று முறையும் "தெரியாது" என்று எழுதியிருக்கிறார். வடக்கு ஓரத்துக்கு மண் வந்து சேர்ந்த பிறகு பெட்டி வைக்க இடமில்லை. அவருடைய வலது முழங்காலும் வீங்கிவிட்டது. வாய்க்கால் கரைக்கு அவர் பிறகு போகவில்லை. எஞ்சிய ஐந்தாண்டும் மூன்று மாதமும் பெரும்பாலும் வீட்டிலேயே கழிந்தன.

நோட்டின் கடைசிப் பதிவு ஓர் ஆண் எலி. நடுத்தர உருவம், இடக்காதில் பழைய கிழிசல். பெட்டியைத் திறந்ததும் வெளியே வரவில்லை. நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்டிக்காரர் கடைசியாக ஒரு சதுப்பெலியைப் புல்லில் விட்டது 2015 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை, காலை ஏழு நாற்பது.